வீட்டு ஹீட்டரில் கோளாறா? சிங்கப்பூர்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளுக்கு ஹீட்டர் வேலைக்குப் போகும்போது திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பல கோளாறுகளுக்கு ஆளைக் கூப்பிடவே வேண்டாம். ஐந்து நிமிடத்தில் நீங்களே சரிசெய்துவிடலாம். வேறு சில கோளாறுகளில் ஐந்து நிமிடம் தாமதிப்பதே ஆபத்து. எது எந்த வகை என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஹீட்டரின் மூடியைக் கழற்றிச் செய்யும் வேலை எதையும் சொல்லித்தரவில்லை. அதை நீங்கள் செய்யவும் வேண்டாம்.

எங்கள் வீட்டில் இருப்பது எந்த வகை ஹீட்டர் என்றே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

ஷவருக்குப் பக்கத்திலேயே சுவரில் மெல்லிய பெட்டி ஒன்று இருந்து, அதிலிருந்தே ஷவர் குழாய் தொங்கினால் அது உடனடி ஹீட்டர். தண்ணீர் ஓடும்போதே சூடாக்கும். பொய்க்கூரைக்கு மேலோ சுவரின் உயரத்திலோ உருளையாகவோ சதுரமாகவோ கனமான தொட்டி இருந்தால் அது சேமிப்பு ஹீட்டர். 15 முதல் 30 லிட்டர் வரை பிடிக்கும் தொட்டிகள்தான் வீடுகளில் அதிகம். சமையலறைக்குப் பின்னால், துணி காயப்போடும் இடத்தில் சுவரில் பெட்டி இருந்து, குழாயைத் திறந்ததும் உள்ளே ‘குப்’ என்று தீப்பற்றும் சத்தம் கேட்டால் அது எரிவாயு ஹீட்டர். மூன்றும் வேலை செய்யும் விதமே வேறு என்பதால் ஒன்றுக்குச் சொல்லும் வைத்தியம் மற்றொன்றுக்குப் பொருந்தாது.

ஸ்விட்சில் சிவப்பு விளக்கு எரிகிறது. தண்ணீர் மட்டும் சூடாகவே இல்லை. ஏன்?

அந்த விளக்கு ஸ்விட்ச் வரை மின்சாரம் வந்திருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது. ஹீட்டர் வேலை செய்கிறதா என்று அதற்குத் தெரியாது.

உடனடி ஹீட்டர் என்றால் முதலில் தண்ணீரின் வேகத்தைப் பாருங்கள். போதிய அளவு தண்ணீர் ஓடினால்தான் உள்ளே இருக்கும் நீரோட்ட ஸ்விட்ச் மின்சாரத்தை விடும். ஷவர் தலையில் அழுக்கு அடைத்திருந்தாலோ, தண்ணீர் உள்ளே வரும் இடத்தில் இருக்கும் சின்ன வலை வடிகட்டியில் மணல் சேர்ந்திருந்தாலோ நீரோட்டம் குறைந்து ஹீட்டர் பேசாமல் இருந்துவிடும். ஷவர் தலையைக் கழற்றிவிட்டு வெறும் குழாயில் தண்ணீர் விட்டுப் பாருங்கள். இப்போது சூடாகிறதா? அப்படியானால் குற்றம் ஷவர் தலையில்தான். வினிகரில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவினால் போதும். உள்ளே வரும் இடத்து வடிகட்டி வெளியிலிருந்து எடுக்கக்கூடிய மாதிரி இருந்தால், மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்திவிட்டு அதையும் கழுவலாம்.

நீரோட்டம் நன்றாக இருந்தும் சூடில்லை என்றால் தண்ணீரைச் சூடாக்கும் எலிமெண்ட் போயிருக்கலாம், அல்லது அதிக வெப்பத்தில் அணைந்துவிடும் பாதுகாப்புக் கருவி அணைந்து நின்றிருக்கலாம். அந்தக் கருவி காரணமில்லாமல் அணையாது. அதை மறுபடி இயக்கிவிட்டு மட்டும் போகிற ஆள் பாதி வேலைதான் செய்திருக்கிறார்.

சூடாகிறது, ஆனால் போதவில்லை. அதுவும் டிசம்பர் மழையில் வெதுவெதுப்போடு நின்றுவிடுகிறது.

இதில் பெரும்பாலும் ஹீட்டர் மேல் தப்பில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். இங்கே விற்கும் உடனடி ஹீட்டர்கள் ஏறத்தாழ 3.3 கிலோவாட் சக்தி கொண்டவை. அந்தச் சக்தியால் நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓடும் தண்ணீரைச் சுமார் 24 டிகிரி செல்சியஸ் உயர்த்தலாம். 3 லிட்டர் ஓடினால் 16 டிகிரி. 4 லிட்டர் ஓடினால் 12 டிகிரிதான். 6 லிட்டர் ஓடவிட்டால் 8 டிகிரிகூட ஏறாது. நம் குழாய்த் தண்ணீர் வழக்கமாக 28 டிகிரி அளவில் இருக்கும். வடகிழக்குப் பருவமழை விடாமல் பெய்யும் நாட்களில் அதைவிடக் கொஞ்சம் குறையும். குளிக்க இதமான சூடு 40 டிகிரியை ஒட்டியது. அப்படியானால் நிமிடத்துக்கு 3 லிட்டரிலிருந்து 4 லிட்டருக்குள் ஓடவிட்டால்தான் அந்தச் சூடு கிடைக்கும்.

ஒரு வாளியை வைத்து ஒரு நிமிடத்தில் எவ்வளவு நிறைகிறது என்று அளந்து பாருங்கள். அதிகமாக இருந்தால் ஹீட்டரில் தண்ணீரின் அளவைக் கட்டுப்படுத்தும் திருகைக் கொஞ்சம் மூடுங்கள், சூடு ஏறும். மழைக்கால அளவில் கொட்டும் பெரிய ஷவர் தலையை ரினோவேஷனில் போட்டுவிட்டு அதற்கு உடனடி ஹீட்டரை இணைத்தால் எந்த நிறுவனத்தின் ஹீட்டராலும் சமாளிக்க முடியாது. அதற்குச் சேமிப்பு ஹீட்டர்தான் சரி.

சூடு வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது. இது என்ன?

மேல் மாடிகளில் இது சகஜம். உயரமான புளோக்குகளின் மேல் மாடிகளுக்குக் கூரைத் தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்குகிறது. தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் வீடுகளில் அழுத்தம் குறைவாக இருக்கும். சமையலறையில் யாராவது குழாயைத் திறந்தால் ஷவரில் நீரோட்டம் குறையும், நீரோட்ட ஸ்விட்ச் அணையும், தண்ணீர் குளிரும். யாரும் எந்தக் குழாயையும் திறக்காத நேரத்தில் சோதித்துப் பாருங்கள். அப்போது சூடு நிலையாக இருந்தால் காரணம் அழுத்தம்தான். அழுத்தம் கூட்டும் பம்ப் உள்ள உடனடி ஹீட்டர் இதற்குத் தீர்வு.

இன்னொரு காரணம், ஷவர் முனையில் தண்ணீரை நிறுத்தும் கைப்பிடிக் குழாயை மாட்டியிருப்பது. உடனடி ஹீட்டரில் தண்ணீர் வெளியேறும் பக்கத்தை அடைக்கவே கூடாது. பல ஹீட்டர்களின் தொட்டி அழுத்தத்தைத் தாங்கும் விதமாகச் செய்யப்படுவதில்லை. உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர் மேலும் சூடாகி, அடுத்த முறை திறக்கும்போது சுடச்சுட மேலே விழும். அந்த மாதிரிக் கைப்பிடி இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.

ஹீட்டரைப் போட்டதும் வீடு முழுக்க இருட்டாகிவிடுகிறது. திரும்பத் தூக்கிவிட்டால் வருகிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விடவே கூடாத கோளாறு இது. கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

வாசல் கதவுக்கு மேலேயோ பக்கத்திலேயோ இருக்கும் மின்பெட்டியைத் திறந்தால் இரண்டு வகைக் கருவிகள் இருக்கும். வரிசையாக நிற்கும் சின்னச் சின்ன ஸ்விட்சுகள் அளவுக்கு மிஞ்சிய மின்சாரம் ஓடினால் அந்தந்தப் பாதையை மட்டும் துண்டிப்பவை. சற்று அகலமாக, ஒரு சோதனைப் பொத்தானோடு இருப்பது ஆர்சிசிபி. பழைய ஆட்கள் இஎல்சிபி என்பார்கள். மின்கம்பியில் போன மின்சாரம் அப்படியே திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கிறது. 30 மில்லியாம்பியர் அளவு வேறு வழியில் கசிந்தால் உடனே மொத்த வீட்டையும் துண்டித்துவிடும். 30 மில்லியாம்பியர் என்பது 100 வாட் பல்பு எடுக்கும் மின்சாரத்தில் பதினாலில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அது நெஞ்சு வழியாகப் போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடலாம்.

ஹீட்டர் போட்டதும் ஆர்சிசிபி விழுகிறது என்றால் ஹீட்டருக்குள் எங்கோ மின்சாரம் கசிகிறது. எலிமெண்டின் உலோக உறையில் மயிரிழை வெடிப்பு விழுந்து உள்ளே ஈரம் ஏறியிருப்பதுதான் வழக்கமான காரணம். ஹீட்டருக்குப் பின்னால் கம்பி இணையும் இடத்தில் தண்ணீர் சொட்டினாலும் இப்படி ஆகும்.

செய்ய வேண்டியது: ஹீட்டர் ஸ்விட்சை அணையுங்கள். மின்பெட்டியில் சின்ன ஸ்விட்சுகள் எல்லாவற்றையும் இறக்குங்கள். ஆர்சிசிபியை மேலே தூக்குங்கள். பிறகு சின்ன ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். ஹீட்டர் பாதையை ஏற்றும்போதோ, அல்லது ஹீட்டரின் சுவர் ஸ்விட்சைப் போடும்போதோ விழுந்தால் குற்றவாளி அதுதான். அந்தப் பாதையை இறக்கியே வைத்துவிட்டு மற்றவற்றை ஏற்றிக்கொள்ளலாம். ஃபிரிட்ஜும் விளக்கும் ஓடும், ஆள் வரும்வரை அவசரமில்லை. ஆனால் ‘நாலு தடவை தூக்கிவிட்டால் நின்றுவிடுகிறது’ என்று அந்த ஹீட்டரில் குளிக்காதீர்கள். உயிரைக் காப்பாற்றிய கருவியோடு மல்லுக்கட்டி அதைத் தோற்கடிக்கிற வேலை அது. ஆர்சிசிபியைத் தவிர்த்துக் கம்பி இழுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த ஆளை வீட்டுக்குள் விடாதீர்கள்.

எல்லாவற்றையும் இறக்கிய பிறகும் ஆர்சிசிபி நிற்கவில்லை என்றால் கோளாறு ஆர்சிசிபியிலோ வீட்டுக் கம்பியிலோ இருக்கிறது. உடனே மின் தொழிலாளரைக் கூப்பிடுங்கள்.

எங்கள் வீடு எண்பதுகளுக்கு முந்தையது. ஆர்சிசிபி இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

புதிய வீடுகளில் ஆர்சிசிபி கட்டாயமானது 1985 ஜூலையில். அதற்கு முன் கட்டிய வீடுகளில் சிலவற்றில் இல்லாமலே இருந்தது. 2023 ஜூலை 1 முதல் எல்லா வீடுகளிலும் அது இருக்க வேண்டும் என்று எரிசக்திச் சந்தை ஆணையம் விதி கொண்டுவந்து, பொருத்திக்கொள்ள இரண்டு வருடம் அவகாசமும் தந்தது. அந்த அவகாசம் 2025 ஜூலையோடு முடிந்துவிட்டது. மின்பெட்டியைத் திறந்து, ‘டெஸ்ட்’ என்றோ ஆங்கில ‘டி’ எழுத்தோ போட்ட பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அப்பா அம்மா மட்டும் பழைய வீட்டில் தனியாக இருந்தால் அடுத்த முறை போகும்போது நீங்களே பெட்டியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

பொத்தான் இருந்தால் மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் டக்கென்று விழ வேண்டும். விழவில்லையென்றால் அந்தக் கருவி இருந்தும் இல்லாத மாதிரிதான். கணினியில் பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்யாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

ஷவர் குழாயைத் தொட்டால் லேசாக ஜிவ்வென்று இழுக்கிறது. ஆர்சிசிபி விழவில்லை. அப்படியானால் ஆபத்தில்லைதானே?

ஆபத்துதான். குளிப்பதை நிறுத்துங்கள். குழாயைத் தொடாமல் வெளியே வந்து மின்பெட்டியில் ஹீட்டர் பாதையை இறக்குங்கள். வீட்டில் எல்லாருக்கும் சொல்லுங்கள், குறிப்பாகப் பிள்ளைகளுக்கும் இல்லப் பணிப்பெண்ணுக்கும். கசிவு 30 மில்லியாம்பியருக்குக் கீழே இருக்கலாம், நிலத்துக்குப் போகும் எர்த் கம்பி அறுந்திருக்கலாம், ஆர்சிசிபியே பழுதாகியிருக்கலாம். சோதனைப் பொத்தான் ஆர்சிசிபியின் இயக்கத்தை மட்டும்தான் சோதிக்கும். எர்த் கம்பி சரியாக இருக்கிறதா என்று சொல்லாது. அதைக் கருவி வைத்து அளக்க வேண்டும்.

யாராவது மின்சாரம் தாக்கிக் கிடந்தால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயின் ஸ்விட்சை இறக்குங்கள், பிறகு 995ஐ அழைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

ஹீட்டர் ஸ்விட்ச் கை வைத்தால் சுடுகிறது. ஓரத்தில் பழுப்பாகவும் இருக்கிறது.

உள்ளே திருகு தளர்ந்து, கம்பி சரியாகப் பிடிக்காமல் சூடாகிறது. அப்படியே விட்டால் ஸ்விட்ச் உருகித் தீப்பிடிக்கும். பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு மாற்றுங்கள். ஸ்விட்சை மட்டும் மாற்றாமல் கருகிய கம்பியின் முனையையும் வெட்டிப் புதிதாக இணைக்கச் சொல்லுங்கள்.

இதோடு சேர்ந்தே வரும் கேள்வி, ஹீட்டரைச் சாதாரண பிளக்கில் சொருகலாமா என்பது. 3.3 கிலோவாட் ஹீட்டர் நம் 230 வோல்ட் மின்சாரத்தில் 14 ஆம்பியருக்கு மேல் எடுக்கும். நம் பிளக் தாங்குவது 13 ஆம்பியர். நீட்டிப்புப் பெட்டியைப் பற்றிப் பேசவே வேண்டாம். உடனடி ஹீட்டருக்கு மின்பெட்டியிலிருந்து தனிப் பாதையும், குளியலறைக்கு வெளியே, இரண்டு கம்பிகளையும் ஒருசேரத் துண்டிக்கும் 20 ஆம்பியர் ஸ்விட்சும் வேண்டும்.

குளிக்கும் முன் ஹீட்டரை அணைத்துவிட வேண்டும் என்று பாட்டி சொல்கிறார். தேவையா?

சேமிப்பு ஹீட்டர் என்றால் நல்ல பழக்கம், தொடருங்கள். தொட்டியில் சூடு நிற்கும். உடனடி ஹீட்டரில் அது முடியாது, அணைத்தால் பச்சைத் தண்ணீர்தான் வரும்.

சேமிப்பு ஹீட்டரின் வால்விலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. மாற்ற வேண்டுமா?

எப்போது சொட்டுகிறது என்று கவனியுங்கள். தண்ணீர் சூடாகும்போது விரியும். 30 லிட்டர் தண்ணீர் 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது ஏறக்குறைய 400 மில்லிலிட்டர் அதிகமாகிறது. அது போவதற்கு இடம் வேண்டுமே. அழுத்தம் விடுவிக்கும் வால்வு அதைச் சொட்டுச் சொட்டாக வெளியே விடுகிறது. சூடாகும் அரைமணி நேரம் மட்டும் சொட்டி நின்றுவிட்டால் அது வேலை செய்கிறது என்று நிம்மதியாக இருங்கள்.

ஹீட்டர் அணைந்திருக்கும்போதும் இரவெல்லாம் ஒழுகினால் வால்வில் தூசி சிக்கியிருக்கலாம் அல்லது வால்வு தேய்ந்திருக்கலாம். மாற்ற வேண்டியதுதான். ஒழுகல் பிடிக்கவில்லை என்று வால்வின் வாயை மட்டும் அடைத்துவிடாதீர்கள். வெப்பநிலைக் கட்டுப்பாடும் பழுதாகி, வால்வும் அடைத்திருந்தால் தொட்டி வெடிக்கும். பொய்க்கூரைக்கு மேல் இருக்கும் தொட்டி ஒழுகினால் கண்ணுக்கே தெரியாது. கூரையில் மஞ்சள் கறை, உப்பிய பலகை, கீழ்வீட்டுக்காரர் புகார் என்றுதான் தெரியவரும். ஆகவே பொய்க்கூரையில் இருக்கும் பார்வை வாசலைத் திறந்து அவ்வப்போது டார்ச் அடித்துப் பாருங்கள்.

பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டு வந்தோம். சுடுதண்ணீரில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறது.

தொட்டியில் தண்ணீர் வாரக்கணக்கில் நின்றுவிட்டது. உள்ளே துருப்பிடிக்காமல் காக்க ஒரு மெக்னீசியம் தண்டு இருக்கும். தேங்கிய தண்ணீரில் வளரும் சில பாக்டீரியாக்கள் அதோடு சேர்ந்து இந்த நாற்றத்தை உண்டாக்கும். சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து தொட்டித் தண்ணீர் முழுக்க மாறும்வரை ஓடவிடுங்கள். அந்தத் தண்ணீரை வாளியில் பிடித்துக் கழிவறைக்கும் தரை கழுவவும் வைத்துக்கொள்ளலாம். பிறகு 60 டிகிரிக்கோ அதற்கு மேலோ சூடாக்கி மறுபடி கொஞ்சம் ஓடவிடுங்கள். நாற்றம் திரும்பத் திரும்ப வந்தால் ஆளைக் கூப்பிட்டுத் தொட்டியைக் கழுவித் தண்டை மாற்றச் சொல்லுங்கள்.

சுடுதண்ணீர் மட்டும் பழுப்பாக வருகிறது, பச்சைத் தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்றால் தொட்டிக்குள் துரு. வயதான தொட்டியாக இருந்தால் பழுதுபார்ப்பதில் பணத்தைப் போடாமல் புதிது வாங்குவதே நல்லது.

புளோக்கில் தண்ணீர் நிறுத்திவிட்டுத் திரும்ப விட்ட நாளில் இன்னொன்றையும் கவனியுங்கள். சுடுதண்ணீர்க் குழாயில் காற்றுச் சத்தம் அடங்கித் தண்ணீர் சீராக வந்த பிறகே ஸ்விட்சைப் போடுங்கள். காலித் தொட்டியில் எலிமெண்ட் கருகிவிடும்.

வெப்பநிலையை எத்தனையில் வைப்பது? வீட்டில் கைக்குழந்தையும் மாமியாரும் இருக்கிறார்கள்.

சேமிப்புத் தொட்டியை 60 டிகிரியில் வையுங்கள். அதைவிட நிறையக் குறைத்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கிருமிகள், முக்கியமாக நுரையீரலைத் தாக்கும் லெஜியனெல்லா, பெருக இடம் கொடுத்ததாகிவிடும். ஆனால் 60 டிகிரித் தண்ணீர் சில விநாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். பச்சைத் தண்ணீரோடு கலக்காமல் அது உடம்பில் படக் கூடாது. குழந்தைக்கு எப்போதும் முதலில் பச்சைத் தண்ணீரை விட்டு, மேலே சுடுதண்ணீரைக் கலந்து, முழங்கையை விட்டுப் பாருங்கள். 37, 38 டிகிரி போதும். நீரிழிவு உள்ள பெரியவர்களுக்குக் காலில் சூடு உறைக்காது, காலை நீட்டிப் பார்த்துக் குளிக்கச் சொல்லாதீர்கள். தீபாவளிக் காலையில் எண்ணெய் தேய்த்து வழுக்கும் தரையில் நின்றபடி திருகைத் தேடுவதும் விபத்துக்கு வழி. அன்றைக்குப் பெரியவர்களுக்கு ஒரு வாளியில் கலந்து கொடுத்துவிடுவது நல்லது.

வெப்பநிலையை இறக்கி வைத்தும் தண்ணீர் ஆவி பறக்க வருகிறது என்றால் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டுவிட்டது. அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

ஹீட்டரால் மின்கட்டணம் எவ்வளவு ஏறும்?

மின்சாரம் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 30 காசு என்று வைத்துக்கொள்வோம். 3.3 கிலோவாட் ஹீட்டரில் பத்து நிமிடம் குளித்தால் 0.55 யூனிட், அதாவது 17 காசு. நாலு பேர் தினம் இரண்டு வேளை குளித்தால் மாதம் 40 வெள்ளி. சேமிப்பு ஹீட்டரில் 30 லிட்டரை 60 டிகிரிக்குச் சூடாக்க 1.1 யூனிட் ஆகும். அதை நாள் முழுக்கப் போட்டே வைத்தால், சூடு ஆற ஆற மறுபடி மறுபடி சூடாக்கிக்கொண்டிருக்கும். குளிக்க அரைமணி, முக்கால்மணி நேரம் முன்பு போட்டால் போதும். கட்டணம் திடீரென்று எகிறினால் வால்வு ஒழுகுகிறதா என்று பாருங்கள். சூடாக்கிய தண்ணீரையே வெளியே கொட்டிக்கொண்டிருக்கலாம்.

எரிவாயு ஹீட்டர் டக் டக் என்று சத்தம் போடுகிறது, பற்றமாட்டேன் என்கிறது.

பெரும்பாலும் பேட்டரி. அடியில் இரண்டு பெரிய பேட்டரி இருக்கும், மாற்றுங்கள். பிறகு அடுப்பு எரிகிறதா பாருங்கள். அடுப்பும் எரியவில்லையென்றால் எரிவாயுவே வரவில்லை. அடுப்பு எரிந்து ஹீட்டர் மட்டும் பற்றாவிட்டால் குழாயை முழுதாகத் திறந்து பாருங்கள், நீரோட்டம் குறைந்தால் இதுவும் பற்றாது.

சத்தத்தைவிட எனக்குக் கவலை தருவது காற்றோட்டம்தான். எரிவாயு ஹீட்டர் காற்றை எடுத்துப் புகையை விடுகிறது. பல வீடுகளில் அதன் புகைவாய்க்கு முன்னாலேயே போர்வையும் ஜீன்ஸும் காய்கின்றன, மழைக்குச் சன்னல்கள் எல்லாம் மூடியிருக்கின்றன, சில வீடுகளில் ஹீட்டரையே அலமாரிக்குள் அடைத்திருக்கிறார்கள். காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. தலைவலி, வாந்தி வரும் உணர்வு, அசதி என்று தொடங்கி ஆளை மயக்கிவிடும். தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தாலோ, பெட்டியில் கரி படிந்தாலோ பயன்படுத்தாதீர்கள். துணியை நகர்த்தி, சன்னலைத் திறந்து வையுங்கள்.

எரிவாயு வாசம் வந்தால் மின்விசிறியையோ விளக்கையோ போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எரிவாயு வால்வை மூடி, சன்னல்களைத் திறந்து, எல்லாரும் வெளியே வந்த பிறகு எஸ்பி குழுமத்தின் எரிவாயு எண் 1800 752 1800க்குக் கூப்பிடுங்கள்.

ஜோகூரில் ஹீட்டர் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கி வரலாமா?

வேண்டாம். உடனடி ஹீட்டர், சேமிப்பு ஹீட்டர் இரண்டுமே இங்கே கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள். முறைப்படி பதிவாகி, ‘சேஃப்டி மார்க்’ முத்திரை பெற்றவை மட்டுமே இங்கே விற்கப்படலாம். பெட்டியிலோ ஹீட்டரிலோ அந்த முத்திரையும் பதிவு எண்ணும் இருக்கும். இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் ஹீட்டருக்கும் இதே பதில்தான். எரிவாயு ஹீட்டரில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிலிண்டர் வாயுவுக்கான பர்னர் குழாய்வழி வரும் நகர எரிவாயுவுக்கு ஒத்துவராது.

யாரைக் கூப்பிடுவது? கைபேசியில் வரும் விளம்பரங்களை நம்பலாமா?

மின்கம்பி, ஸ்விட்ச், மின்பெட்டி என்றால் எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின் தொழிலாளர். சேமிப்பு ஹீட்டரைப் பொருத்தப் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்ற பிளம்பர். எரிவாயுக் குழாய் என்றால் அதற்கென்று உரிமம் பெற்றவர். உரிம எண்ணைக் கேளுங்கள், அந்தந்த அமைப்பின் இணையத்தளத்தில் தேடிச் சரிபாருங்கள். கேட்டால் கோபப்படுகிற ஆள் வேண்டாம். கூப்பிடும் முன் ஹீட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் விவர லேபிளையும் மின்பெட்டியையும் படம் எடுத்து அனுப்பினால், வருபவர் சரியான பாகத்தோடு வருவார். விலையை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

புதிய வீவக வீடு என்றால் முதல் மூன்று வருடம் குளியலறைத் தரை, சுவர் ஓடுகளை உடைத்து மாற்ற அனுமதியில்லை. குழாயைச் சுவருக்குள் புதைத்துத் தருகிறேன் என்று காண்ட்ராக்டர் சொன்னால் இதை நினைவில் வைத்திருங்கள்.

மகள் லண்டனில் படிக்கிறாள். வீடு சூடாகவில்லை, ரேடியேட்டர் குளிர்ந்து கிடக்கிறது என்று அழைக்கிறாள். நமக்கு அது பழக்கமே இல்லையே, என்ன சொல்வது?

அங்கே ஒரு எரிவாயு பாய்லர் தண்ணீரைச் சூடாக்கிக் குழாய்கள் வழியாக ஒவ்வோர் அறையிலும் இருக்கும் ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. பெரும்பாலும் அதே பாய்லர்தான் குளிக்கவும் சுடுதண்ணீர் தரும். முதலில் பாய்லரின் அழுத்த மானியைப் பார்க்கச் சொல்லுங்கள். குளிர்ந்திருக்கும்போது 1 முதல் 1.5 பார் வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் பாய்லர் பற்றாமல் நின்றுவிடலாம். பாய்லருக்கு அடியில் உள்ள நிரப்பும் குழாயைத் திறந்து அந்த அளவு வந்ததும் மூட வேண்டும். சில நாளுக்கு ஒருமுறை இறங்கிக்கொண்டே இருந்தால் எங்கோ ஒழுகுகிறது. சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டின் பேட்டரி தீர்ந்திருக்கிறதா என்றும் பார்க்கட்டும்.

ரேடியேட்டர் கீழே சூடு, மேலே குளிர் என்றால் உள்ளே காற்று. ஹீட்டிங்கை அணைத்து ஆறவிட்டு, மேல் மூலையில் உள்ள சின்னத் திருகைச் சாவியால் லேசாகத் திறந்தால் உஸ்ஸென்று காற்று போகும். தண்ணீர் எட்டிப்பார்த்ததும் மூடி, அழுத்தத்தை மறுபடி பார்க்க வேண்டும். மேலே சூடு, கீழே குளிர் என்றால் அடியில் சேறு, அது ஆள் வந்து செய்கிற வேலை. ஒரே ஒரு ரேடியேட்டர் மட்டும் முழுக்கக் குளிர்ந்திருந்தால் அதன் பக்கத்துத் திருகு கோடையில் மூடிக்கிடந்து ஒட்டியிருக்கும். உறைபனி நாளில் பாய்லர் களகளவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டால், வெளியே போகும் கழிவுநீர்க் குழாய் உறைந்திருக்கும். அதன்மேல் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி உருக்கி, பாய்லரை மீட்டமைக்கலாம். கொதிக்கும் தண்ணீர் ஊற்றினால் குழாய் வெடித்துவிடும்.

பாய்லரின் மூடியை அவள் திறக்கவே கூடாது. அது எரிவாயு வேலை செய்வோருக்கான பிரிட்டனின் கேஸ் சேஃப் பதிவேட்டில் உள்ள பொறியாளரின் வேலை. வாடகை வீடு என்றால் வெப்பமும் சுடுதண்ணீரும் வேலை செய்யும் நிலையில் இருக்கச் செய்வது வீட்டு உரிமையாளரின் சட்டக் கடமை. எரிவாயுச் சாதனங்களை வருடத்துக்கு ஒருமுறை சோதித்த சான்றிதழையும் அவர் தர வேண்டும். அவள் அதைக் கேட்டு வாங்கட்டும். பாய்லர் இருக்கும் இடத்தில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா என்றும் இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள். அங்கே எரிவாயு வாசம் வந்தால் அழைக்க வேண்டிய எண் 0800 111 999.

பழைய ஹீட்டரை என்ன செய்வது?

புதிது பொருத்துபவரே எடுத்துக்கொண்டு போவாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். இல்லையென்றால் பழைய பொருள் வாங்கும் கரங்குனிக்காரர் வாங்கிக்கொள்வார், உள்ளே செம்பு இருக்கிறது. பெரிய தொட்டி என்றால் தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, நகர மன்றத்தின் பெரிய பொருள் அகற்றும் சேவைக்குச் சொல்லி நாள் குறித்துக்கொள்ளலாம். அதுவரை நடைவழியில் வைக்காதீர்கள்.